ஆட்டோ சிபாப் மாஸ்க்கோடு தூங்கப் பழகுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் ஸ்லீப் ஆப்னியா என்று ரிப்போர்ட் வந்து, மாஸ்க் வழியே அழுத்தமான காற்றை அனுப்பும் ஆட்டோ சிபாப் கருவியும் வீட்டுக்கு வந்த பிறகு எழும் கேள்விகள் இவை. நோயைப் பற்றி இங்கே குறைவாகத்தான் இருக்கும். கருவியோடு படும் பாட்டைப் பற்றித்தான் அதிகம். காசு கொடுத்து வாங்கிய கருவி பரணுக்குப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் நோயைப் புரிந்துகொள்ளாதது அல்ல. மூக்குத்தண்டு புண்ணானது, காற்று கண்ணில் அடித்தது, வாய் வறண்டது போன்ற சில்லறைத் தொல்லைகளை முதல் சில வாரங்களில் யாரும் சரிசெய்து தராததுதான் காரணம்.

இந்தக் கருவி ஆக்சிஜன் தருகிறதா?

இல்லை. சிலிண்டரோ கான்சென்ட்ரேட்டரோ இதற்குள் கிடையாது. அறையில் இருக்கும் அதே காற்றை உள்ளிழுத்து, வடிகட்டி, சற்று அழுத்தம் கூட்டி அனுப்புகிறது, அவ்வளவுதான். நாம் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. நாக்கின் அடிப்பகுதியும் மெல்லண்ணமும் பின்னால் சரிந்து காற்றுப்பாதையை அடைக்கின்றன. பாதி அடைத்தால் குறட்டை. முழுக்க அடைத்து 10 நொடிக்கு மேல் மூச்சு நின்றால் அது ஒரு ஆப்னியா. பாதைக்குள் அழுத்தத்தோடு காற்று இருந்துகொண்டே இருந்தால் சுவர்கள் ஒட்டாது. காற்றடித்த சைக்கிள் டியூப் ஒட்டிக்கொள்ளாததைப் போல. ஆஸ்திரேலியாவில் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1980-ல் நோயாளிகளிடம் செய்து பார்த்து, 1981-ல் வெளியிட்ட முறை இது. அடிப்படைத் தத்துவம் இன்றும் அதேதான்.

சாதா சிபாப் இருக்கும்போது ஆட்டோ எதற்கு?

சாதா சிபாப் இரவு முழுக்க ஒரே அழுத்தத்தைத் தரும். ஆனால் தேவை இரவு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. மல்லாந்து படுத்தால் கூடும், ஒருக்களித்தால் குறையும். கனவு வரும் தூக்கத்தில் கூடும். மது அருந்திய இரவிலும் கூடும். ஆட்டோ கருவி ஒவ்வொரு மூச்சின் வடிவத்தையும் கவனித்து, குறட்டையோ மூச்சோட்டம் தட்டையாவதோ தெரிந்தால் அழுத்தத்தை மெல்ல ஏற்றும், அமைதியானதும் இறக்கும். 4 முதல் 20 வரை அதன் எல்லை. எந்த அளவுக்கு 4 என்றால், ஒரு குழாயில் 4 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் தரும் அழுத்தம். பெரிய விஷயமே இல்லை. ஆனால் மூக்கு அதைப் பெரிதாக உணரும்.

இதய பலவீனம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், அதீத உடல் பருமனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குவது, நீண்டகாலமாக அபின் வகை வலிமாத்திரை எடுப்பது ஆகியவை இருந்தால் ஆட்டோ பொதுவாகப் பொருந்தாது. கடைக்காரர் இதைக் கேட்கமாட்டார். நீங்கள்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

'ஆட்டோ' என்பதால் 4 முதல் 20 வரை அப்படியே விட்டுவிடலாமா?

பலர் அப்படித்தான் விட்டிருக்கிறார்கள். பலர் தோற்பதும் அதனால்தான். கீழ் எல்லை 4 என்றால் பெரியவர்கள் பலருக்கு, குறிப்பாக உடல் பருமனானவர்களுக்கு, மூச்சுக்குக் காற்று போதாததுபோல இருக்கும். கருவி பழுது என்று நினைத்துக் கழற்றிவிடுவார்கள். இன்னொரு சிக்கல், தொண்டை அடைக்கும்போது 4-லிருந்து 10-க்கு ஏறுவதற்குக் கருவிக்குச் சில நிமிடங்கள் ஆகும்; அதற்குள் நாலைந்து தடை வந்து போய்விடும். மேல் எல்லை 20 என்றால், கசிவையோ விழுங்கலையோ தடை என்று தவறாகப் புரிந்துகொண்டு தேவையில்லாமல் ஏறும் வாய்ப்பும் உண்டு.

நல்ல வழி இது. முதல் ஒன்றிரண்டு வாரங்கள் அகலமான எல்லையில் ஓடட்டும். பிறகு கருவியின் பதிவில் இரவின் 95 சதவீத நேரம் எந்த அழுத்தத்துக்குள் இருந்தது என்று பாருங்கள். பிலிப்ஸ் கருவிகள் இதை 90 சதவீதக் கணக்கில் காட்டும். அந்த எண் 11 என்று வைத்துக்கொள்வோம். இரவின் பாதி நேரம் அழுத்தம் எதற்குள் இருந்தது என்று சொல்லும் நடுமட்ட எண் 9. இப்போது மருத்துவர் 8 முதல் 13 என்று எல்லையைச் சுருக்கக்கூடும். இந்தச் சின்னத் திருத்தத்திலேயே கருவி வேறு கருவியாகிவிட்டது போலத் தோன்றுவது உண்டு. அமைப்புகளை மாற்றும் திரை நோயாளிக்கான சாதாரண மெனுவில் இருக்காது. மருத்துவரையோ தூக்க ஆய்வகத் தொழில்நுட்பரையோ கேட்டு மாற்றுங்கள்.

மாஸ்க்கைப் போட்டதும் மூச்சு முட்டுகிறது, பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

முதல் இரவே எட்டு மணி நேரம் என்று பிடிவாதம் வேண்டாம். பயத்தோடு படுத்தால் மூளை மாஸ்க்கையும் பயத்தையும் ஒன்றாகப் பதிவு செய்துகொள்ளும். பிறகு பிரிப்பது கடினம். பகலில் பழகுங்கள்.

முதலில் ஹோஸ் (கருவியிலிருந்து மாஸ்க்குக்கு வரும் காற்றுக்குழாய்) இல்லாமல் மாஸ்க்கை மட்டும் கையால் முகத்தில் பிடித்துப் பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்ற உணர்வு கைக்கு வர வேண்டும். அடுத்து பட்டைகளை மாட்டி, டிவி பார்த்துக்கொண்டே 15 நிமிடம் உட்காருங்கள். பிறகு ஹோஸை இணைத்துக் கருவியை ஓடவிட்டு, உட்கார்ந்தபடியே அரை மணி நேரம். அப்புறம் மதியம் சாப்பிட்டுப் படுக்கும் நேரத்தில் ஒரு குட்டித் தூக்கம். அதற்குப் பிறகுதான் இரவு. ஒரு படியில் பதற்றம் வந்தால் முந்தைய படிக்குத் திரும்பி ஓரிரு நாள் இருங்கள். சிலருக்கு இதெல்லாம் இரண்டே நாளில் முடியும், சிலருக்கு மூன்று வாரம் ஆகும்.

வாயை மூடி மூக்கால் மட்டும் மூச்சு விடுங்கள். மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தால் காற்று வாய்வழியாகப் பீறிட்டு வெளியேறும். அந்த உணர்வுதான் பலரை முதலில் திடுக்கிட வைக்கிறது.

மூச்சை வெளியே விட எதிர்க்காற்று அடிக்கிறதே?

இதற்கென்றே கருவியில் இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று 'ராம்ப்': குறைந்த அழுத்தத்தில் தொடங்கி, 5 முதல் 45 நிமிடத்தில் படிப்படியாக ஏறும். சில கருவிகளில் 'ஆட்டோ' ராம்ப் இருக்கிறது. தூங்கிவிட்டீர்கள் என்று தெரிந்த பிறகுதான் ஏற்றும். இரண்டாவது, வெளிமூச்சின்போது மட்டும் அழுத்தத்தைக் குறைக்கும் வசதி. ரெஸ்மெட் கருவியில் இதன் பெயர் இ.பி.ஆர்., 1 முதல் 3 வரை வைக்கலாம். பிலிப்ஸ் கருவியில் சி-ஃப்ளெக்ஸ் அல்லது ஏ-ஃப்ளெக்ஸ்.

மூச்சு போதவில்லை என்று சொல்பவர்கள் உடனே அழுத்தத்தைக் குறைக்கச் சொல்வார்கள். பல நேரம் கூட்டுவதுதான் தீர்வு. ராம்ப் தொடக்கம் 4-ல் இருந்தால் 6-க்கு மாற்றிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எந்த மாஸ்க் வாங்குவது?

மூன்று வகை. மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க், நாசித் துவாரங்களில் பொருந்தும் சிலிக்கான் மொட்டுகள் கொண்ட நேசல் பில்லோ, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க். 'நான் வாயால்தான் மூச்சு விடுவேன்' என்று சொன்னதும் கடைகளில் ஃபுல் ஃபேஸைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் கருத்தில், மூக்கில் நிரந்தர அடைப்பு இல்லாத எவரும் நேசல் மாஸ்க்கில்தான் தொடங்க வேண்டும். பலர் வாயைத் திறப்பதே ஆப்னியாவில் மூச்சுக்குத் தவிப்பதால்தான். அழுத்தம் சரியானதும் வாய் தானே மூடிக்கொள்ளும். ஃபுல் ஃபேஸ் பெரியது, கசியும் விளிம்பு நீளம், தாடையைப் பின்னால் தள்ளுவதால் பலருக்கு அழுத்தமும் கூடுதலாகத் தேவைப்படும்.

மூக்குத்தி அணிபவர்களுக்கு நேசல் மாஸ்க்கின் ஓரம் சரியாக மூக்குத்தியின் மேல் உட்காரும். கசியும், புண்ணாக்கும், சிலிக்கானையும் கிழிக்கும். இரவில் கழற்ற மனமில்லை என்றால் மூக்கின் அடியில் தொட்டில்போல் தாங்கும் வகையைப் பாருங்கள். அது மூக்குத்தண்டையும் மூக்கின் பக்கவாட்டையும் மறைக்காது. மூக்கு வளையம் என்றால் அதுவும் உறுத்தலாம், அணிந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். அடர்ந்த மீசை தாடிக்கு நேசல் பில்லோ பொருந்தும், ஃபுல் ஃபேஸ் கசியும். நீளமான கூந்தல் இருந்தால் கொண்டையாக முடியாமல் தளர்ந்த ஜடையாகப் பின்னி ஒரு பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். கொண்டை பின்பட்டையை மேலே தள்ளிவிடும்.

சில மாஸ்க்குகளின் கொக்கிகளில் காந்தம் இருக்கிறது. உங்களுக்கோ பக்கத்தில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர், காக்ளியர் இம்ப்ளான்ட், மூளை ரத்தக்குழாயில் போட்ட உலோகக் கிளிப் போன்றவை இருந்தால் காந்தம் இல்லாத மாஸ்க்தான் வேண்டும்.

மாஸ்க்கைச் சரியாக மாட்டும் முறை என்ன?

கண்ணாடி முன் நின்று மாட்டி அளவு பார்ப்பதுதான் முதல் தவறு. படுத்தால் கன்னத்துச் சதை பின்னால் சரியும். நிற்கும்போது பொருந்திய மாஸ்க் படுத்ததும் கசியும்.

முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். தேங்காய் எண்ணெய், முகக் கிரீம், திருநீறு எதுவும் மாஸ்க் படும் இடத்தில் இருக்கக் கூடாது. எண்ணெய்ப் பசையில் சிலிக்கான் வழுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். பட்டைகளைத் தளர்த்திவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படுக்கும் தலையணையில் படுங்கள். கருவியை ஓடவிடுங்கள், 'மாஸ்க் ஃபிட்' வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். காற்று வரும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரற்கடை தூக்கி மெதுவாகத் திரும்ப வையுங்கள். சிலிக்கான் மெத்தை காற்றால் உப்பி முகத்தோடு ஒட்டும். பிறகுதான் பட்டைகள்: இரு பக்கமும் சமமாக, முதலில் மேல், அடுத்து கீழ், கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும். பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாகப் போக வேண்டும். கடைசியாக இடமும் வலமும் திரும்பிப் படுத்துப் பாருங்கள்.

கசிந்தால் இறுக்குவது எல்லோரும் செய்வது. மெத்தையை நசுக்கினால் அது உப்ப முடியாது, இன்னும் கசியும், மேலும் இறுக்குவீர்கள், காலையில் மூக்குத்தண்டு சிவந்திருக்கும். எழுந்து அரை மணி நேரத்தில் மறையும் தடம் பரவாயில்லை. மதியம்வரை இருந்தால், தோல் உரிந்தால், அளவோ வகையோ தவறு. பெரும்பாலும் ஒரு அளவு பெரிதாக வாங்கியிருப்பார்கள்.

காற்று எப்போதும் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. அதுவும் கசிவா?

மாஸ்க்கின் முன்புறமோ முழங்கைபோல் வளைந்த பகுதியிலோ சிறு துளைகள் இருக்கும். நீங்கள் வெளிவிடும் கரியமில வாயு வெளியேற வைத்த வழி அது. 10 அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் அதன் வழியே போவது இயல்பு. அதை டேப் ஒட்டியோ போர்வையால் மூடியோ அடைக்கவே கூடாது. பக்கத்தில் படுப்பவர் முகத்தில் காற்று அடிக்கிறது என்றால் முழங்கைப் பகுதியைத் திருப்பி வையுங்கள்.

விளிம்பு வழியாகவும் வாய் வழியாகவும் போவதுதான் கணக்கில் வரும் கசிவு. ரெஸ்மெட் கருவிகள் நிமிடத்துக்கு 24 லிட்டர் வரை சமாளிக்கும். அதைத் தாண்டினால் கருவியின் கணக்குகளையே நம்ப முடியாது, அழுத்தமும் தொண்டைக்குச் சரியாகப் போய்ச் சேராது. ஒரே இரவில் கசிவு கூடியிருந்தால் மெத்தை பழசாகிவிட்டதா, சரியாக மாட்டப்பட்டதா என்று பாருங்கள்.

காலையில் வாய் காய்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறதே?

நேசல் மாஸ்க் போட்டவர் என்றால் வாய் திறக்கிறது. முதலில் மூக்கைப் பாருங்கள். மூக்கு அடைத்திருந்தால் வாய் திறக்கத்தான் செய்யும். அடுத்து, தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்கிக் காற்றில் ஈரப்பதம் சேர்க்கும் ஹியூமிடிஃபையரை ஒரு படி கூட்டுங்கள். தலையணை உயரமாக இருந்து தாடை கழுத்தோடு மடங்குகிறதா என்றும் கவனியுங்கள். இவை போதவில்லை என்றால் தாடையைத் தாங்கும் பட்டை. அதற்கும் அடங்காதவர்களுக்குத்தான் ஃபுல் ஃபேஸ். வாயில் டேப் ஒட்டும் வீடியோக்கள் ஏராளம். வாந்தி வரும் வாய்ப்புள்ளவர்கள், மூக்கடைப்பு உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

பல்செட் உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் படுத்தால் முகவாய் உள்வாங்கும். மாஸ்க் அளவு எடுக்கும்போது இரவில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே இருங்கள்.

மூக்கு அடைக்கிறது, தும்மல் வருகிறது. நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். காய்ந்த காற்று மூக்கின் உட்சவ்வை எரிச்சலூட்டுகிறது, சவ்வு வீங்குகிறது. ஈரப்பதம் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். படுக்கும் முன் உப்புநீர் நேசல் ஸ்ப்ரே இரண்டு மூக்கிலும் அடித்துச் சிந்துங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மருத்துவர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதித் தருவார்; பலன் தெரிய நாட்கள் ஆகும், அடைத்த அன்றைக்கு மட்டும் அடிக்கும் மருந்து இல்லை. அடைப்பை நொடியில் திறக்கும் சொட்டு மருந்துகளை நாலைந்து நாளுக்கு மேல் விடக் கூடாது. விட்டால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். தொடர்ந்து ஒரே பக்கம் அடைத்தால் நடுச்சுவர் வளைவு இருக்கலாம், காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி எரியும் அறையில் கருவியை ஓட்டாதீர்கள். அந்தப் புகையைத்தான் அது இழுத்து உங்கள் மூக்குக்கு அனுப்பும். வடிகட்டி தூசியைப் பிடிக்கும், புகையின் நெடியைப் பிடிக்காது.

ஹியூமிடிஃபையருக்கு எந்தத் தண்ணீர்? கேன் தண்ணீர் போதாதா?

டிஸ்டில்டு வாட்டர். கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிச்சம் இருக்கும். தொட்டியின் அடித்தட்டில் வெள்ளைப் படிவாக நிற்கும். போர்வெல் தண்ணீர் என்றால் ஒரு வாரத்திலேயே தெரியும். காய்ச்சி ஆறவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. வெளியூரில் ஓரிரு இரவு கேன் தண்ணீர் ஊற்றினால் ஒன்றும் ஆகிவிடாது, திரும்பி வந்து தொட்டியைச் சுத்தம் செய்யுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் டப்பாவிலும் 'டிஸ்டில்டு' என்றுதான் இருக்கும். அது மூச்சில் கலப்பதற்காகத் தயாரித்ததல்ல. மருந்துக்கடையில் வாங்குங்கள். வாசனைத் தைலம், யூகலிப்டஸ், விக்ஸ் எதையும் தொட்டியில் போடக் கூடாது.

தண்ணீரைக் காலையில் கொட்டிவிட்டு, மாலையில் புதிதாக அதிகபட்சக் கோடு வரை ஊற்றுங்கள். மீதித் தண்ணீரின் மேல் ஊற்றுவது பாசிக்கும் கிருமிக்கும் வசதி. தொட்டியைக் கருவியோடு வைத்தபடி நிரப்புவதும் ஆபத்து. சிந்தினால் மோட்டாருக்குள் போகும்.

இரவில் ஹோஸுக்குள் களகளவென்று சத்தம், முகத்தில் தண்ணீர் தெளிக்கிறது. ஏன்?

ஏசி அறையில் வழக்கமாக நடப்பது. வெதுவெதுப்பான ஈரக்காற்று குளிர்ந்த குழாயில் பட்டுத் தண்ணீராகிறது. ஐஸ்வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போல. ஈரப்பத எண்ணை ஒரு படி குறையுங்கள், ஏசியை 26-க்கு ஏற்றுங்கள், ஏசிக் காற்று நேரே குழாயில் படாமல் பாருங்கள். துணி உறை போடலாம், அல்லது சூடேறும் ஹோஸ் வாங்கலாம். கருவி எப்போதும் படுக்கையைவிடத் தாழ்வாக, ஒரு சிறு ஸ்டூலில் இருக்கட்டும். அப்போது சேர்ந்த தண்ணீர் தொட்டிக்கே திரும்பும், முகத்துக்கு வராது. கடற்கரை ஊர்களில் ஏசி இல்லாமல் படுப்பவர்களுக்கு ஈரப்பதம் மிகக் குறைவாகவே போதும். அதே ஆள் டிசம்பரில் கொடைக்கானல் போனால் இரண்டு மூன்று படி கூட்ட வேண்டியிருக்கும்.

வயிறு உப்பி, காலையில் ஏப்பமாக வருகிறது.

காற்று உணவுக்குழாய்க்குள் போகிறது. அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கலாம். மேல் எல்லையைக் குறைக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வெளிமூச்சு தளர்வு வசதியைக் கூட்டுவது, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது, கட்டிலின் தலைமாட்டைச் சற்று உயர்த்துவது உதவும். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். அதற்கான சிகிச்சையும் சேர்ந்து நடக்க வேண்டும்.

காலையில் பார்த்தால் மாஸ்க் தரையில் கிடக்கிறது. எப்போது கழற்றினேன் என்றே நினைவில்லை.

முதல் மாதத்தில் சகஜம். கை தானாகக் கழற்றுகிறது என்றால் உடம்புக்கு ஏதோ உறுத்துகிறது: கசிவு, அடைத்த மூக்கு, அல்லது அழுத்தம் போதாமல் தடை தொடர்வது. கருவியின் பதிவில் எத்தனை மணிக்கு நின்றது, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் கசிவும் அழுத்தமும் எப்படி இருந்தன என்று பாருங்கள். மெமரி கார்டு உள்ள கருவி என்றால் 'ஆஸ்கார்' என்ற இலவச மென்பொருளில் அதை நிமிடவாரியாக விரித்துப் பார்க்கலாம். விழிப்பு வந்ததும் எத்தனை மணியானாலும் மறுபடி மாட்டிக்கொண்டு படுங்கள். விடியற்காலைத் தூக்கத்தில்தான் கனவு அதிகம், தடையும் பலருக்கு அப்போதுதான் மோசம்.

ஒரு இரவில் எத்தனை மணி நேரம் போட்டால் போதும்?

தூங்கும் நேரம் முழுக்க. '4 மணி நேரம் போதும்' என்று புழங்கும் கணக்கு, அமெரிக்காவில் மெடிகேர் காப்பீடு கருவிக்குப் பணம் கொடுக்க வைத்த குறைந்தபட்ச நிபந்தனை. அது மருத்துவ இலக்கு அல்ல. 2016-ல் வெளியான 'சேவ்' ஆய்வில், ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த 2,717 பேரைப் பின்தொடர்ந்தார்கள். சிபாப் பிரிவில் இருந்தவர்கள் சராசரியாக 3.3 மணி நேரமே பயன்படுத்தினார்கள்; மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. குறட்டையும் பகல் தூக்கமும் குறைந்தன. மதியத் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டும். ஆப்னியாவுக்குப் பகல் இரவு தெரியாது.

காலையில் திரையில் வரும் எண்களில் எதைப் பார்ப்பது?

மூன்று போதும்: பயன்படுத்திய நேரம், கசிவு, ஏ.எச்.ஐ. மூன்றாவது, மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற கணக்கு. சிகிச்சைக்கு முன் 5 முதல் 14 வரை லேசானது, 15 முதல் 29 நடுத்தரம், 30-க்கு மேல் தீவிரம். சிகிச்சையில் 5-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு நாள் 3, மறுநாள் 6 என்று ஆடும். தினமும் பார்த்துக் கவலைப்படாமல் வாரச் சராசரியைப் பாருங்கள். கசிவு மோசமான இரவின் ஏ.எச்.ஐ.யை நம்பாதீர்கள்.

ஏ.எச்.ஐ. குறையாமல் இருந்தால் அது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். தொண்டை அடைத்து வருவது ஒன்று. தொண்டை திறந்தே இருக்க, மூளை மூச்சுக்கு உத்தரவு தராமல் நிற்பது இன்னொன்று. இது சென்ட்ரல் ஆப்னியா. சிலருக்கு சிபாப் தொடங்கிய பிறகே இது தலைகாட்டும். பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் முதல் சில மாதங்களில் தானே அடங்கும். இதற்கு அழுத்தத்தைக் கூட்டினால் மோசமாகும். ஆகவே எண்ணைப் பார்த்து நீங்களாகவே எல்லையை உயர்த்த வேண்டாம்.

எல்லா எண்ணும் நன்றாக இருக்கிறது. ஆனாலும் பகலில் தூக்கம் வருகிறது.

படுக்கும் நேரத்தையே கூட்டிப் பாருங்கள்; ஐந்து மணி நேரம் மட்டும் தூங்குபவரை எந்தக் கருவியும் காப்பாற்றாது. பல ஆண்டுத் தூக்கக்கடன் தீரச் சில வாரங்கள் ஆகும். அதற்குப் பிறகும் இருந்தால் தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு, இரவுப் பணிச் சுழற்சி, தூக்கம் தரும் மாத்திரைகள் என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். கண் சொக்கும் நிலையில் வண்டி ஓட்டாதீர்கள், மாஸ்க் போட ஆரம்பித்தாகிவிட்டது என்ற தைரியத்திலும் கூடாது. முதல் சில இரவுகளில் கனவுகள் வெள்ளமாக வந்தால் பயப்பட வேண்டாம். இத்தனை நாள் கிடைக்காத கனவுத் தூக்கத்தை உடம்பு ஈடுகட்டிக்கொள்கிறது.

நடு இரவில் கரண்ட் போனால் மூச்சு முட்டிவிடுமா?

ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் ஒரு சிறு வால்வு உண்டு. காற்று நின்றதும் அது திறந்து வெளிக்காற்றை விடும். நேசல் மாஸ்க்கில் வாய் சும்மா இருக்கிறது. காற்று நின்றால் பெரும்பாலோர் விழித்துக்கொள்வார்கள், மாஸ்க்கைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டு இன்வெர்ட்டரே போதும். ஹியூமிடிஃபையர் இல்லாமல் ஓடினால் கருவி ஒரு சீலிங் ஃபேன் அளவுகூட மின்சாரம் இழுக்காது. தண்ணீர்ச் சூடும் ஹோஸ் சூடும் சேரும்போதுதான் பல மடங்கு ஏறும். நீண்ட மின்வெட்டில் அவை இரண்டையும் அணைத்துவிடுங்கள். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். மாற்றும் நொடியில் கருவி நின்றுபோனால், இன்வெர்ட்டரில் உள்ள 'யூ.பி.எஸ்.' நிலைக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றம் வேகமாக நடக்கும். தனி பேட்டரி வாங்குவதாக இருந்தால் உங்கள் கருவி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

ரயிலில், விமானத்தில் எப்படி?

ரயில் பெட்டியின் சாக்கெட்டில் 110 வோல்ட் வரும். கருவியின் அடாப்டர் 100 முதல் 240 வரை ஏற்கும் என்பதால் அது சிக்கல் இல்லை. ஆனால் பல ரயில்களில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜிங் இணைப்பை நிறுத்திவிடுகிறார்கள், சரியாக நீங்கள் தூங்கும் நேரத்தில். ஆக, பேட்டரி இல்லாமல் ரயிலை நம்ப முடியாது. ஹியூமிடிஃபையரை அணைத்தே ஓட்டுங்கள். ஆடும் பெட்டியில் தண்ணீர் வேண்டாம்.

விமானத்தில் கைப்பையாகக் கொண்டுபோங்கள், செக்-இன் செய்யாதீர்கள். தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. மருத்துவரின் கடிதம் ஒன்று பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் பேச்சு குறையும்.

எதை எப்போது கழுவுவது, எப்போது மாற்றுவது?

தினமும் காலையில் மாஸ்க் மெத்தையை வாசனையில்லாத மென்சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு கழுவி, வெயில் படாமல் நிழலில் உலர்த்துங்கள். ஹோஸும் தொட்டியும் தலைப்பட்டையும் வாரம் ஒருமுறை. தொட்டியில் வெள்ளைப் படிவு இருந்தால் ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து ஊறவைத்து அலசுங்கள். டெட்டால், பிளீச்சிங், ஸ்பிரிட் வேண்டாம். ஓசோன் கொண்டு சுத்தம் செய்யும் பெட்டிகளும் வேண்டாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020-ல் அவற்றைப் பற்றி எச்சரித்திருக்கிறது. குழாயில் தங்கும் ஓசோன் நுரையீரலைப் புண்ணாக்கும்.

வெள்ளை வடிகட்டியைக் கழுவ முடியாது, மாற்றத்தான் முடியும். ஆறு மாதம் என்று கையேட்டில் இருக்கும். சாலையோர வீடுகளில் ஒரே மாதத்தில் சாம்பல் நிறமாகிவிடும். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாஸ்க் மெத்தை மஞ்சளாகி, கழுவியும் பிசுபிசுத்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

ஓடிய மணிக்கணக்கைத் திரையில் பார்க்காமல் வாங்காதீர்கள். மாஸ்க்கும் ஹோஸும் தொட்டியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். பிலிப்ஸ் நிறுவனம் சத்தம் அடக்கும் நுரைப்பொருள் சிதைவதால் 2021 ஜூனில் தன் முதல் தலைமுறை ட்ரீம்ஸ்டேஷன் உள்ளிட்ட பல கருவிகளைத் திரும்பப் பெற்றது. அவற்றில் சில இன்னும் பழைய சந்தையில் கைமாறலாம். வரிசை எண்ணைச் சரிபாருங்கள். இதைவிட, முதல் மாதம் வாடகைக்கு எடுத்துப் பழகிவிட்டுப் புதிது வாங்குவது புத்திசாலித்தனம்.

இதற்கு அடிமையாகிவிடுவேனா? ஆயுள் முழுக்க வேண்டுமா?

அடிமையாக்கும் பொருள் எதுவும் இதில் இல்லை. போடாத இரவில் பழைய குறட்டையும் தடையும் திரும்ப வரும், கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து மங்குவதுபோல. உடல் எடை குறைந்தால் பலருக்கு ஆப்னியா குறையும், சிலருக்குக் கருவியே தேவையிராது. எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசி மருந்தை உடல் பருமனோடு நடுத்தர, தீவிர ஆப்னியா உள்ளவர்களுக்கு எஃப்.டி.ஏ. 2024 டிசம்பரில் அனுமதித்தது. ஆனால் பத்து கிலோ குறைந்ததும் நீங்களாகவே நிறுத்தக் கூடாது. மறுபடி தூக்கப் பரிசோதனை செய்து பார்த்த பிறகுதான். எடை குறைந்தால் முகமும் ஒட்டும், அப்போது மாஸ்க் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகிறேன். சொல்ல வேண்டுமா?

மயக்க மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், கண்புரை போன்ற சின்ன அறுவையானாலும் சரி. மயக்க மருந்தும் வலிமருந்தும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். கருவி, மாஸ்க், அடாப்டர் மூன்றையும் பெயர் எழுதி ஒட்டிக் கூடவே கொண்டுபோங்கள். இப்போதைய அழுத்த எல்லையை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். அறுவைக்குப் பின் கண் அசரும் ஒவ்வொரு முறையும், பகலானாலும், மாஸ்க்கை மாட்டிவிடும்படி கூட இருப்பவரிடம் முன்பே சொல்லி, வீட்டிலேயே இரண்டு முறை மாட்டிப் பழக்கிவிட்டுக் கூட்டிப்போங்கள்.